நல்லதம்பி வேண்டாம் என்ற கம்பி

மேலகரத்தில் என்னுடைய மோட்டார் காயில் கட்டும் கடையும் நல்லதம்பி அண்ணாச்சியின் லேத் பட்டறையும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. அவர் அந்தப் பக்கம் லேத்தை ஓட்டினால் இந்தப் பக்கம் என் மேசையில் டீ கிளாஸ் நடுங்கும். இத்தனை வருடம் நடுங்கின டீயைக் குடித்தவன் என்ற முறையில் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவருடைய மகள் ஜெஸிக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்தவனும் நான்தான். அதை இப்போதெல்லாம் நான் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

அண்ணாச்சியின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும். பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றியது, வட்டமாக, நடுவில் ஓட்டையோடு. பக்கத்தில் காந்தம் இருந்தால் போன் கெட்டுவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். இரண்டில் ஒன்றைத்தான் பையில் வைக்கலாம் என்று ஆனதும் அவர் போனை வீட்டில் வைத்துவிட்டார். அவரிடம் பேச வேண்டியவர்கள் அவர் மனைவி ஞானபாக்கியத்தைக் கூப்பிட்டுத் தகவல் சொல்வார்கள்.

ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் எவர்சில்வர். அவருடைய கொள்கை இவ்வளவுதான். கல்யாண வீட்டில் பரிசாக வந்த குடத்தைக் கொடுத்தவர் கண் முன்னாலேயே சோதிப்பார். ஒரு முறை காய்ச்சலுக்கு ஊசி போடப் போன இடத்தில், ஊசி வைத்திருந்த தட்டில் காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சட்டைக் கையை மடக்கினார். தட்டு தேறியது. இதையெல்லாம் அவர் வேடிக்கைக்குச் செய்யவில்லை என்பதுதான் கூட இருப்பவர்களுக்குச் சங்கடம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. சின்ன வயதில் அவர் கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். சிவகிரியில் இருந்த தன் அண்ணனின் கிணற்று மோட்டாருக்குத் தானே ஒரு ஷாஃப்ட் கடைந்து, தானே கொண்டுவந்து மாட்டினார். எவர்சில்வர் என்று சொல்லி விற்ற கம்பி, கிணற்றுக்குள் துருப்பிடித்து இறுகிக்கொண்டது. அந்தக் கோடையில் அண்ணனின் வாழை காய்ந்து போனது. அண்ணன் திட்டவில்லை. "கம்பி வாங்கையில நீ பாத்துதான வாங்குன?" என்று மட்டும் கேட்டாராம். மறு மாதம் அவர் பையில் காந்தம் ஏறிவிட்டது.

காந்தத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் கம்பி பொறுக்குவதில் அவர் கெட்டிக்காரர். எந்த வேலைக்கு என்று கேட்காமல் கம்பியைத் தொட மாட்டார். எப்படியும் முழுக்கக் கடைந்து உருமாற்றப்போகிற ஜாப் என்றால் கறுப்புத் தோலோடு வருகிற கம்பியே போதும், பளபளப்பானதை வாங்கிச் சுருளாக உதிர்த்துக் கொட்டுவது அநியாயம் என்பார். நீளமான ஷாஃப்ட், பேரிங்கில் அப்படியே உட்கார வேண்டும் என்றால், சூடு பண்ணாமல் அச்சுக்குள் நுழைத்து இழுத்து எடுத்த கம்பிதான் வேண்டும் என்பார். கோல்ட் டிரான் என்று கடையில் கேட்டு வாங்குவது அதைத்தான். அது அளவு பிசகாமல் வரும், நேராக வரும், பலமும் கூடுதல். ஆனால் இழுத்த இழுப்பு உள்ளுக்குள் இருந்துகொண்டே இருக்கும். ஒரு பக்கம் மட்டும் சாவிக்காடி, அதாவது சக்கரத்தைப் பூட்டுகிற பள்ளம், வெட்டினால் கம்பி மறுபக்கம் வளைந்துவிடும். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, இடையில் கம்பியை ஆறவிடுவார். இவ்வளவு தெரிந்த மனிதர் அந்த இழுப்பு காந்தத்தையும் பாதிக்கும் என்று யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை, ஆனால் என்னை யாரும் கம்பி பொறுக்கச் சொல்லவில்லை.

தென்காசியில் பெஞ்சமின் அண்ணாச்சி கடையில்தான் அவர் கம்பி எடுப்பார். பெஞ்சமினின் மகன் கிங்ஸ்லி கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தான். ஜெஸிக்கு இருபத்தெட்டு வயது, தென்காசியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அதுவரை வந்த வரன்களையெல்லாம் அண்ணாச்சியே தட்டிக் கழித்திருந்தார். ஒருவன் பல் சரியில்லை, ஒருவன் பைக்கை வேகமாக ஓட்டுகிறான், ஒருவன் காரணமில்லாமல் சிரிக்கிறான். கிங்ஸ்லியை நான் கொண்டுவந்தேன். ஜெஸி அவனோடு ஒரு நாள் பேசிவிட்டு வந்து, "இவுக சரி" என்றாள். அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. நிச்சயம் முடிந்த பிறகு பட்டறைக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் இருந்து அவள் போனில் பேசிச் சிரிப்பது என் கடை வரைக்கும் கேட்கும். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். போதகரை நாங்கள் ஐயர் என்போம். யாரும் எதுவும் சொல்வதில்லை. அந்த இடைவெளியில்தான் பலர் காணிக்கைக்குச் சில்லறை தேடுவார்கள். ஜெஸிக்கு இரண்டு ஓலை நல்லபடியாக முடிந்தது.

அந்தச் சமயம் அச்சன்புதூர் காளீஸ்வரி ஒரு வேலை கொண்டுவந்தாள். அவள் எலுமிச்சை ஊறுகாய் போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவள். ஊறுகாய் கலக்கும் இயந்திரத்துக்கு நீளமாக ஒரு ஷாஃப்ட் வேண்டும், உப்பும் புளிப்பும் படுகிற இடம், துருவே பிடிக்கக் கூடாது என்றாள். அண்ணாச்சி பெஞ்சமின் கடைக்குச் சொல்லிவிட்டார். எவர்சில்வரில் த்ரீ நாட் ஃபோர் ரகம், கோல்ட் டிரான். சனிக்கிழமை லோடு ஆட்டோவில் கம்பி வந்தது. வந்ததும் முனையை அளவுக்கு வெட்டினார், வெட்டிய பிறகு காந்தத்தை எடுத்தார். எவர்சில்வரில் அதுவரை அவர் வாங்கியதெல்லாம் கறுப்புத் தோல் கம்பிதான் என்பதால், இழுத்த எவர்சில்வரை அவர் அதற்கு முன் சோதித்ததே இல்லை.

காந்தம் ஒட்டியது. இரும்பில் ஒட்டுவது போல டப்பென்று ஒட்டவில்லை. மெதுவாகப் போய்ப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் அதை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். எனக்கும் ஒட்டியது.

ஞானபாக்கியம் போன் போட, பெஞ்சமின் உடனே வந்துவிட்டார். சம்பந்தி கூப்பிடுகிறார் என்றதும் கல்யாணச் சாப்பாட்டு விஷயம் என்று நினைத்து வந்திருக்கிறார். பட்டறை வாசலில் நான், காளீஸ்வரி, டீ கொண்டுவந்தவர், ஆட்டோக்காரர் எல்லாரும் நின்றோம்.

"அண்ணாச்சி, இது சூடில்லாம இழுத்த கம்பில்லா," என்றார் பெஞ்சமின். "இழுக்கையில உள்ளுக்க கொஞ்சம் மாறும். லேசா ஒட்டத்தான் செய்யும். மேல்தோல எடுத்துட்டு வச்சுப் பாருங்க, பிடி கொறஞ்சிரும்."

"ஒட்டுனா இரும்பு," என்றார் நல்லதம்பி.

"நான் சொல்லுதத கேளுங்க."

"சம்பந்திக்கே இந்தக் கம்பியக் குடுக்கிய. மத்தவனுக்கு என்னத்தக் குடுப்பிய?"

பெஞ்சமின் எங்கள் எல்லார் முகத்தையும் ஒரு முறை பார்த்தார். "வெட்டுன கம்பிய நான் திருப்பி எடுக்க மாட்டேன்," என்றார். "இங்கனயே கெடக்கட்டும்." போய்விட்டார். அண்ணாச்சி அந்தக் கம்பியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பட்டறைக்குப் பின்னால், பழைய தகரங்கள் கிடக்கும் இடத்தில் வெட்டவெளியில் போட்டார்.

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் நடந்ததைச் சுவர் வழியாக நான் முழுதும் கேட்டேன். கேட்கக் கூடாதுதான், ஆனால் காதைக் கழற்றி வைக்கவா முடியும்.

"கம்பிக்கும் கல்யாணத்துக்கும் என்ன இருக்கு?" என்றாள் ஞானபாக்கியம்.

"கம்பியில ஏமாத்துத வீட்டுல பிள்ளையக் குடுத்துட்டு நான் எப்படி ஒறங்க?"

"அப்பா," என்றாள் ஜெஸி, "அவுக கம்பி விக்கல. பேங்குல வேல பாக்குதாவ."

"அந்த வீட்டுச் சோறுதான தின்னு வளந்தான்."

மறுநாள் மூன்றாம் ஓலை. ஆலயத்தில் நான் அண்ணாச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரவெல்லாம் யோசித்து மனிதர் தணிந்திருப்பார் என்று நம்பினேன். ஐயர் ஓலையை வாசித்தார். தடை ஏதும் உண்டோ என்று கேட்டார். சில்லறைகள் குலுங்கின. பக்கத்தில் பெஞ்சு கிறீச்சிட்டது. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன், துணி மட்டும்தான் கையில் வந்தது.

"தடை உண்டு ஐயரே," என்றார் அண்ணாச்சி.

ஐயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய ஊழியத்தில் இப்படி ஒருவர் எழுந்தது இதுவே முதல் முறை. எழுந்தது பெண்ணின் அப்பா. "என்ன தடை?" என்று கேட்டார்.

"மாப்பிள்ள வீட்டுக் கம்பி காந்தத்துல ஒட்டுது."

சபையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், விஷயம் அதோடு போயிருக்கும். எல்லாரும் விளங்கிக்கொண்டது போலத் தலையை ஆட்டினார்கள். கம்பி ஒட்டுவது திருமணத்துக்குத் தடை என்று சபை விதிகளில் இல்லை, ஆனால் பெண்ணைப் பெற்றவர் சம்மதிக்காதபோது மேலே போக முடியாது, பேசித் தீர்த்துக்கொண்டு வாருங்கள் என்றார் ஐயர். பெண்கள் பக்கம் ஜெஸி குனிந்த தலையை ஆராதனை முடியும் வரை நிமிர்த்தவில்லை. எனக்கு அண்ணாச்சி மேல் வந்த கோபம் இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை.

பெஞ்சமின் பேசித் தீர்க்க வரவில்லை. சபையே கேட்க ஏமாற்றுக்காரன் என்றான பிறகு எந்த மனிதன் வருவான்? கிங்ஸ்லி கொஞ்ச நாள் ஜெஸியைக் கூப்பிட்டுப் பேசினான். தன் அப்பா சமாதானமாகட்டும், பொறுத்திரு என்றிருக்கிறான். இவள் தன் அப்பாவிடம் மன்றாடிப் பார்த்தாள். அவர் அசையவில்லை. அவன் கூப்பிடுவதும் குறைந்து, நின்று போனது. ஜெஸி வேலைக்குப் போனாள், வந்தாள், அப்பாவுக்குச் சோறு போட்டாள். பட்டறைக்குப் பின்னால் இருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வரவில்லை.

காளீஸ்வரியின் ஷாஃப்டுக்கு அண்ணாச்சி திருநெல்வேலி போய் வேறொரு கடையில் கம்பி எடுத்துவந்தார். அதுவும் பளபளப்பான கம்பி, காந்தம் கொஞ்சமும் ஒட்டவில்லை. அவர் அதை ஊருக்கெல்லாம் காட்டினார். ஷாஃப்ட் கச்சிதமாக வந்தது.

குற்றாலத்தில் சீசன் தொடங்கியது. எங்கள் ரோடெல்லாம் வெளியூர் வேன்கள். சாரலில் பட்டறை இரும்பெல்லாம் சிவந்து, சீசனும் முடியப்போகிற நேரத்தில் காளீஸ்வரி ஒரு நீளமான சாக்குப் பொட்டலத்தோடு வந்து இறங்கினாள். அவிழ்த்தாள். அண்ணாச்சி கடைந்து கொடுத்த ஷாஃப்ட். மேலெல்லாம் பழுப்புத் திட்டு, பேரிங் உட்காருகிற இடத்தில் குழி குழியாகத் துரு.

"ஊறுகா கறுத்துப் போச்சு அண்ணாச்சி. ஒரு போடு முழுக்கக் கீழ கொட்டிட்டேன்," என்றாள்.

அவர் காந்தத்தை வைத்தார். ஒட்டவில்லை. துருவின் மேலேயே வைத்தார். அப்போதும் ஒட்டவில்லை. எவர்சில்வரிலேயே மலிவு ரகம் ஒன்று உண்டு, டூ நாட் டூ என்பார்கள். அது காந்தத்தைச் சீண்டாது, உப்பையும் தாங்காது. இதைப் பிற்பாடு தெரிந்துகொண்டோம். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. சிவகிரிக் கிணற்றில் இருந்து மேலே வந்த ஷாஃப்டும் இப்படித்தான் இருந்திருக்கும்.

காளீஸ்வரி கை கழுவப் பின்பக்கம் போனவள் அங்கிருந்தே கேட்டாள். "அண்ணாச்சி, இங்கன ஒரு கம்பி கெடக்கே. இது மட்டும் எப்படிப் பளபளன்னு இருக்கு?"

சாரல் முழுக்க நனைந்து, சேற்றில் கிடந்த பெஞ்சமினின் கம்பி. சுற்றிலும் கிடந்த தகரம் எல்லாம் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி சேற்றைத் துடைத்துப் பார்த்தார், விரல் நகத்தால் தடவிப் பார்த்தார். அதைக் கொண்டுபோய் லேத்தில் கட்டினார். முனையில் மேல்தோலைக் கொஞ்சம் எடுத்துவிட்டுக் காந்தத்தை வைத்தார். பிடி தளர்ந்திருந்தது. இன்னும் எடுத்தார். காந்தம் கம்பியில் நிற்காமல் வழுக்கியது. லேத்தை நிறுத்திவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெஞ்சமின் அன்றைக்கே சொன்ன சோதனை அது. செய்து பார்க்க ஒரு டீ ஆறுகிற நேரம் கூட ஆகவில்லை.

காளீஸ்வரிக்கு அதே கம்பியில் ஷாஃப்ட் செய்து கொடுத்துவிட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு தென்காசிக்குப் போனார். பெஞ்சமின் கடையில் கம்பி எடை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அது நல்ல கம்பி," என்றார் நல்லதம்பி.

"தெரியும்."

"நீங்க அன்னைக்கே சொன்னிய."

"ஆமா, சொன்னேன்."

"மன்னிச்சிக்கிடுங்க. பிள்ளைய இனி இழுத்தடிக்க வேண்டாம். ஓலைய மறுபடி குடுத்திருவோம்."

பெஞ்சமின் தராசில் இருந்து கம்பியை இறக்கி வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "கிங்ஸ்லிக்கு சிவகிரியில பொண்ணு பாத்தாச்சு அண்ணாச்சி. ஒரு ஓலை வாசிச்சாச்சு. வார ஞாயிறு ரெண்டாவது."

நல்லதம்பி கடைக்குள் இருந்த கம்பிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் அவர் கையைப் பிடித்தேன்.

"இன்னொண்ணு," என்றார் பெஞ்சமின். "சபையில சொன்னதுக்குக் கடையில வந்து மன்னிப்புக் கேக்கிய. எங்க சொன்னமோ அங்கதான சொல்லணும்?"

கிங்ஸ்லிக்கு மூன்றாம் ஓலை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் ஆலயத்துக்கு வரவில்லை. தென்காசி ஆலயத்துக்குப் போனார், நான் பின்னாலேயே போனேன். அங்கேயும் ஐயர் ஓலை வாசித்தார், அங்கேயும் கேட்டார். அண்ணாச்சி எழுந்தார். அவரைத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் மூச்சை அடக்கினார்கள். முன் பெஞ்சில் கிங்ஸ்லி திரும்பிப் பார்த்தான். பெஞ்சமின் திரும்பவில்லை.

"தடை ஒண்ணும் இல்ல ஐயரே," என்றார் அண்ணாச்சி. "மாப்பிள்ள நல்லவரு. அவுக அப்பா வித்த கம்பி நல்ல கம்பி. மேலகரம் சபையில நான் தப்பாச் சொல்லிட்டேன். அங்க போன வாரமே எழுந்து சொல்லியாச்சு. இங்கயும் சொல்லணும்னு வந்தேன்."

தடை இல்லை என்று சொல்வதற்கு எழுந்திருக்க வேண்டியதில்லை என்றார் அந்த ஐயர். அண்ணாச்சி சரி என்று உட்கார்ந்தார். கடைசிப் பெஞ்சு வரை கேட்கிற குரலில், யாரோ ஒருவர் பெண்ணின் கல்யாணத்துக்கு அவர் சாட்சி சொல்லி முடித்திருந்தார். வெளியே வந்தபோது பெஞ்சமின் அவர் கையைப் பிடித்தார், சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். இவர் வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

வீட்டுக்கு அவரைக் கொண்டுவந்து விட்டேன். ஞானபாக்கியம் தண்ணீர் கொடுத்தாள். ஜெஸி காய் வெட்டிக்கொண்டிருந்தாள், நிமிராமல் கேட்டாள்.

"சொல்லிட்டியளா?"

"சொல்லிட்டேன்."

"நம்ம சபையில சொன்னிய. அவுக அப்பாகிட்ட சொன்னிய. தென்காசி சபையிலயும் சொன்னிய." அரிவாள்மணையில் இருந்து கையை எடுத்தாள். "எங்கிட்ட இன்னும் சொல்லலியேப்பா."

இரண்டு சபையில் எழுந்து நின்ற மனிதர் அந்தச் சின்ன அறையில் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். நான் கிளம்பியிருக்க வேண்டும், கிளம்பவில்லை. அவர் அழுதார். முகத்தை மூடாமல், துண்டையும் எடுக்காமல் அழுதார்.

"தப்பு எம்மேலதான் பிள்ள," என்றார். "ஒனக்கு நல்லது செய்யுதேன்னு ஒனக்கு உள்ளத கெடுத்துட்டேன். மன்னிச்சிரு."

ஜெஸி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர் இருந்தது, ஆனால் குரல் தெளிவாகத்தான் வந்தது.

"கேட்டுக்கிட்டேன்ப்பா," என்றாள். "மன்னிக்கதுக்கு எனக்குக் கொஞ்ச நாளாகும்."

அவர் சரி என்று தலையாட்டினார்.